குழந்தைக்கு ஒரு சிறு பட்டறை

சென்ற கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் பழுதாகி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தார். சாக்குப் பையிலிருந்து கருவிகளை எடுத்து வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி வைத்தார். இரண்டரை வயதுப் பேத்தி அவர் எதிரில் குந்தியிருந்து, இமை கொட்டாமல் அதைப் பார்த்துக் கொண்டிருந்தாள். பழுது நீங்கிற்று, தண்ணீர் பாய்ந்தது, நாங்களும் அதை மறந்து விட்டோம். குழந்தை மறக்கவில்லை. மறுநாள் காலை நான் மோட்டார் அறைக்குச் சென்றபோது, எங்கிருந்தோ எடுத்து வந்த இரும்பு ஸ்பானருடன் அவள் ஸ்டார்ட்டர் பெட்டியின் முன் நின்றிருந்தாள். “தாத்தா, நான் ரிப்பேர் செய்கிறேன்” என்றாள். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் என் உடல் நடுங்குகிறது.

அறையைப் பூட்டினோம், கருவிகளை எட்டாத உயரத்தில் வைத்தோம். ஆனால் குழந்தையின் ஆசை தணியவில்லை. ஆகவே திருவிழாக் கடை ஒன்றில் மெக்கானிக் விளையாட்டுச் செட்டு ஒன்றை வாங்கி வந்தேன். நாற்பது உருப்படிகள், பளபளக்கும் பெட்டி, விலையும் மலிவு. வீட்டில் திறந்து பார்த்தபோதுதான் அதன் குறைகள் தெரிந்தன. ஸ்பானரின் வாய் எந்தப் போல்ட்டின் தலையையும் பற்றவில்லை. திருப்புளி வளைந்தது. “தாத்தா, இது திருகவே மாட்டேன் என்கிறதே!” என்று குழந்தை அழுதாள். மூன்றாம் நாள் ஒரு போல்ட்டின் தலை முறிந்தது. முறிந்த துண்டு அவள் வாயில் இருப்பதை மருமகள் தற்செயலாகக் கண்டாள். நல்ல வேளையாக, குழந்தை அதைத் தானே துப்பிவிட்டாள்.

தறி வாங்கும்போதும் விதை வாங்கும்போதும் நூறு கேள்விகள் கேட்கும் நாம், குழந்தைக்குப் பொம்மை வாங்கும்போது ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தத் தவற்றைச் செய்தவன் என்ற முறையில், பின்னர் நான் அறிந்து கொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

செப்புச் சாமானும் ஸ்பானரும்

நம் வீடுகளில் குழந்தைகள் செப்புச் சாமான் வைத்து விளையாடுவது பழைய வழக்கம். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்துச் செய்யும் சிறு மரச் சாமான்களைத் தெரியாதவர் குறைவு. அந்தச் சிறு பானையில் அரிசியும் இராது. அடுப்பில் நெருப்பும் இராது. இருப்பினும் சோறு பொங்கிவிடும். குழந்தை அதை நமக்குப் பரிமாறியும் விடும். அங்கே இல்லாதவற்றையெல்லாம் குழந்தையின் கற்பனையே நிரப்பி விடுகிறது.

மெக்கானிக் செட்டின் இயல்பு வேறு. போல்ட்டு திருகினால்தான் அது விளையாட்டு. வலப்புறம் திருப்பினால் இறுக வேண்டும். இடப்புறம் திருப்பினால் கழல வேண்டும். விரலால் அசையாத போல்ட்டு, நீண்ட ஸ்பானரால் எளிதில் திரும்ப வேண்டும். இவற்றைக் குழந்தை தன் கையாலேயே கண்டறிகிறது. ஆகவே உருப்படிகளின் எண்ணிக்கை முக்கியமன்று. உண்மையாகத் திருகும் எட்டுப் போல்ட்டுகள், திருகாத நாற்பது சாமான்களைக் காட்டிலும் மேலானவை.

இக்கருத்து புதிதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி என்பவர், தம் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளைச் செய்து, அவற்றைச் சிறு போல்ட்டு நட்டுகளால் பூட்டிப் பாரந்தூக்கியும் பாலமும் அமைக்கச் செய்தார். 1901ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவே பின்னர் மெக்கானோ என்ற பெயரால் உலகெங்கும் புகழ் பெற்றது. துளைகளெல்லாம் ஒரே இடைவெளியில் அமைந்திருந்ததால் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் பொருந்தியது. அதுவே அதன் சிறப்பு. ஆனால் அந்தச் சிறு இரும்புப் போல்ட்டுகள் பெரிய பிள்ளைகளுக்கு உரியவை, மழலைகளுக்கு ஏற்றவையல்ல.

1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், குழந்தை தன் கையால் வேலை செய்தே அறிவு பெறுகிறது என்று வற்புறுத்தினார். போல்ட்டில் நட்டைப் பூட்டிக் கழற்றுவது, அவர் முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் இன்றும் ஒரு பயிற்சியாக இருந்து வருகிறது.

வயதும் கையும்

இரண்டு வயதுக் குழந்தைக்கு மரமுளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பலகையும், விரலால் திருகக் கூடிய தடித்த போல்ட்டுகளும் போதும். மூன்று வயதை ஒட்டி மணிக்கட்டைச் சுழற்றும் திறமை வளர்கிறது. அப்போது ஸ்பானர் தரலாம். திருப்புளியைத் தலையிலுள்ள பள்ளத்தில் பொருத்தி அழுத்திக் கொண்டே திருப்புவது மேலும் கடினம். அது பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதுக்கு உரியது. எல்லாக் குழந்தைகளும் ஒன்று போல் வளர்வதில்லை. டப்பாவின் திருகு மூடியைக் குழந்தை தானே திறக்கிறதா என்று கவனித்தால் அதன் கைத்திறன் விளங்கும்.

கடையில் பெட்டியின் படத்தைப் பார்த்து மயங்காமல், முடிந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். நட்டைப் போல்ட்டில் நான்கு சுற்றுத் திருகிப் பாருங்கள்; மரை சிக்காமல் ஓட வேண்டும். ஸ்பானர் போல்ட்டின் தலையைப் பற்றி, நழுவாமல் திருப்ப வேண்டும். முதல் செட்டில் எல்லாப் போல்ட்டுகளும் ஒரே அளவாக இருப்பது நல்லது. எந்த நட்டும் எந்தப் போல்ட்டிலும் பொருந்தினால் குழந்தை சலிப்படையாது.

பண்டைச் சோதிக்கும் முறை

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வாங்குவதானால், முதலில் கவனிக்க வேண்டியது உருப்படியின் அளவு. சோதனைச் சாலைகளில் 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு குழலைப் பயன்படுத்துகிறார்கள். அதனுள் முழுவதும் அடங்கி விடும் பொருள் தொண்டையை அடைக்கக் கூடியது எனத் தள்ளப்படுகிறது. வீட்டில் நாம் இன்னும் சற்று எச்சரிக்கையாக, 4 சென்டிமீட்டர் குறுக்களவில் தடித்த காகிதத்தால் ஒரு குழல் சுருட்டிக் கொள்ளலாம். அதற்குள் நுழையும் நட்டும் வாஷரும் சிறு குழந்தையின் கைக்கு உரியவையல்ல. முழு உருப்படியை மட்டும் பார்த்தால் போதாது. முறுக்கியும் இழுத்தும், எது முறியும் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆபத்தாக வந்தது முறிந்த துண்டே.

விளையாட்டுத் துளைப்பான் போன்ற பாட்டரிச் சாமான்களில் இன்னும் கவனம் தேவை. காசு போன்ற வட்ட பாட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழலில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் கடும் புண் உண்டாகலாம். விழுங்கியதாக ஐயம் தோன்றினாலும் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாட்டரி அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். காந்தம் பதித்த சிறு சாமான்களை அறவே தவிர்ப்பது மேல். இரண்டு காந்தங்கள் வயிற்றுள் சென்றால், குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று பற்றிக் குடலைத் துளைத்து விடக் கூடும்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பெட்டியில் முத்திரையும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே அவர்களிடம் வாங்கும்போது நம் கையும் கண்ணும் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

மரமா, பிளாஸ்டிக்கா என்று பலர் கேட்பர். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குப் பூசிச் செய்யும் பொம்மைகள் வழவழப்புக்குப் பெயர் பெற்றவை. மரத்தில் சிராய் இருத்தல் ஆகாது. வண்ணம் ஈரத் துணியில் ஒட்டக் கூடாது. பிளாஸ்டிக்கானால் தடித்ததாகவும் ஓரம் கூரில்லாததாகவும் இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகு

செட்டை வாங்கிக் கொடுத்தால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணலாகாது. ஸ்பானர் பிடிக்கக் கற்ற குழந்தை, அதை மெய்யான இயந்திரத்திலும் வைத்துப் பார்க்க விரும்பும். மெல்லிய திருப்புளியை மின்சாரத் துளையில் நுழைக்கவும் முற்படும். ஆகவே கருவிகள் தடித்தவையாகவும், உலோகம் அல்லாதவையாகவும் இருக்கட்டும். மோட்டார் அறையும் தறிக்கூடமும் முன்போலவே பூட்டியிருக்கட்டும். பெரியவர் ஒருவர் முதல் சில நாட்கள் உடன் அமர்ந்து, “இது உன் பட்டறை; அது அப்பாவின் பட்டறை” என்று சொல்லிப் பழக்க வேண்டும். மாலையில் உருப்படிகளை எண்ணிக் கூடையில் வைக்கும் பழக்கமும் நல்லது. முறிந்ததை அன்றே அகற்றி விட வேண்டும்.

பெண் குழந்தைக்கு இது எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். தார் சுற்றும் கையும் பாவு பிணைக்கும் கையும் பெண்களுடையவை அல்லவா? அந்தக் கைக்கு ஸ்பானர் மட்டும் எவ்வாறு அந்நியமாகும்?

நல்ல செட்டின் விலை சிலருக்குச் சுமையாக இருக்கலாம். அதற்கு நம் வழியிலேயே பரிகாரம் உண்டு. 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பொம்மைகளை இரவல் தரும் ஏற்பாடு தொடங்கிற்று. நம் சங்கங்களும் நல்ல செட்டுகள் இரண்டை வாங்கி வைத்து, வாரம் ஒரு வீட்டுக்கு எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே வாங்கும் மட்டச் சரக்கின் விலையில், அனைவருக்கும் பொதுவான நல்ல சரக்குக் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரு பலகை, எட்டுப் போல்ட்டுகள், ஒரு ஸ்பானர், அவ்வளவே. சென்ற மாதம் மோட்டார் மீண்டும் பழுதாயிற்று. மெக்கானிக் வேலை செய்த நேரம் முழுவதும், அறைக்கு வெளியே வேப்பமர நிழலில் என் மடியருகில் அமர்ந்து, பேத்தி தன் பலகையில் எட்டையும் கழற்றி எட்டையும் பூட்டினாள். வேலை முடிந்து வெளியே வந்த மெக்கானிக், அவள் பூட்டிய போல்ட்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்து, “நன்றாக இறுக்கியிருக்கிறாய், அம்மா” என்றார்.