காஸ்டிக் தெறித்த கண்

துணி வெளுக்கக் காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் இல்லாமல் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஓடாது. செதில் செதிலாக இருக்கும் காஸ்டிக்கைத் தண்ணீரில் கரைக்கும்போதே வாளி சுடும். அதை மெஷினில் ஊற்றுகையில் ஒரு சொட்டு தெறித்தாலும் கண்ணுக்கு ஆபத்து. அமிலம் பட்டால் மேற்பரப்புப் புரதம் உறைந்து, மேற்கொண்டு இறங்கவிடாமல் ஓரளவு தடுக்கும். காஸ்டிக் போன்ற காரமோ செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே போகும். கருவிழி வெந்து வெளுத்துவிடும்.

உலகில் வெற்றிபெற்ற முதல் கருவிழி மாற்று அறுவையே இப்படிப்பட்ட ஒரு தொழிலாளிக்குத்தான் நடந்தது. சுண்ணாம்பு பட்டு இரு கண்ணிலும் பார்வை போன அலோயிஸ் குளோகாருக்கு, இன்றைய செக் குடியரசின் ஓலோமோட்ஸ் நகரில் 1905 டிசம்பர் 7 அன்று டாக்டர் எடுவார்ட் சிர்ம் அதைச் செய்தார். காயத்தால் கண்ணை அகற்ற வேண்டியிருந்த 11 வயதுச் சிறுவனின் கருவிழி அது. ஒரு கண் தேறியது. குளோகார் வேலைக்குத் திரும்பினார். இப்படித் தானமாகும் கண்களைப் பெற இந்தியாவின் முதல் கண்வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியால் தொடங்கியது.

சிர்ம் செய்தது முழுத் தடிமன் மாற்று. கருவிழியின் தடிமனே அரை மில்லிமீட்டர்தான். அதை வட்டமாக வெட்டியெடுத்து, தானமாக வந்ததைப் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றிலும் தைப்பார்கள். இன்று கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்றவும் வழியுண்டு. முன்பக்கம் தழும்பேறினாலோ கூம்பாகப் பிதுங்கினாலோ ‘டால்க்’ முறை. சொந்த உள்ளடுக்கு அப்படியே இருப்பதால் உடல் நிராகரிக்கும் அபாயம் குறைவு. உள்ளடுக்கு பழுதாகிக் கருவிழி நீர்கோத்தால் ‘டிசேக்’ அல்லது ‘டிமெக்’. டிமெக்கில் மெல்லிய சவ்வு மட்டுமே வைக்கப்படும். சவ்வுக்குத் தையல் கிடையாது. காற்றுக்குமிழிதான் தாங்கிப் பிடிக்கும் என்பதால் நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும்.

காஸ்டிக் பட்ட கண்ணுக்கு இவை மட்டும் போதாது. கருவிழியின் விளிம்பிலுள்ள மூலச்செல்கள் கருகியிருந்தால், புதுக் கருவிழியும் மங்கிவிடும். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கெடுத்து முதலில் நட வேண்டியிருக்கும். இதற்கு எளிய ‘ஸ்லெட்’ முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் டாக்டர் விரேந்தர் சங்வான் குழு 2012-இல் வெளியிட்டது. இரு கண்ணும் வெந்தவருக்குச் சொந்தத் துணுக்கு எடுக்க வழியில்லை.

அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: காஸ்டிக் தெறித்தால் டாக்டரைத் தேடி ஓடுமுன் குழாயைத் திறந்து, இமையை விரித்து, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். மெஷின் பக்கத்திலேயே அந்தக் குழாயும், கலக்குபவர் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியும் இருக்கச் செய்வது முதலாளியின் கடமை.

மாற்றுக் கருவிழி தானமாகத்தான் வர வேண்டும். நம் வீட்டில் ஒருவர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணைத் தானமாகத் தரலாம். சர்க்கரை நோயாளியும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும்கூடத் தரலாம். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வையுங்கள். கோவை அரவிந்த், சங்கரா மருத்துவமனைகளில் கண்வங்கி இருக்கிறது. தாமதிக்காமல் போன் செய்யுங்கள்.