மின்மினி அளவு வெளிச்சம் போதும்

டார்ச் லைட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது, "சார், இது ஆயிரம் லூமன்" என்பதுதான். எவ்வளவு குறைவாக எரியும் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வரிசையாகப் படுத்துறங்கும் நம் குடும்பங்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும். ஒருவர் எழுந்து, படுத்திருப்பவர் காலை மிதிக்காமல் தாண்டிப் போய்க் குடத்தை எடுக்க வேண்டும். ட்யூப் லைட்டைப் போட்டால், இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் விழித்துவிடுவார், கைக்குழந்தை அழும். செல்போன் விளக்கு அடிச்சா, சின்ன அறையில் அது சுவரில் பட்டு எல்லார் முகத்திலும் விழும். ஜீரோ வாட் பல்பு இருக்கிறதே என்பீர்கள். ஜீரோ என்பது பெயருக்குத்தான். பழைய இழை பல்புகள் 15 வாட் வரை இழுத்தன. கரண்ட் போனால் அதுவும் இல்லை.

டார்ச் சேகரிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் விரும்பும் விளக்குகளில் இதற்கென்றே ஒரு நிலை இருக்கிறது. 'நிலவொளி' என்றும் 'மின்மினி' என்றும் பெயர். ஒரு மெழுகுவத்தி தருவது சுமார் 12 லூமன். மின்மினி நிலையில் வருவது ஒரு லூமனுக்கும் கீழே. சிலவற்றில் லூமனில் நூறில் ஒரு பங்கு. அட, அதில் என்ன தெரியும்? கண் இருட்டுக்குப் பழகியிருந்தால் தரையில் கிடக்கும் கால் தெரியும், குடமும் தெரியும்.

நம் விழித்திரையில் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம்; அவை பகலுக்கும் நிறத்துக்கும். மங்கிய ஒளிக்கானவை குச்சி செல்கள், சுமார் 12 கோடி. அவை முழுத் திறனுக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். தூங்கி எழுந்தவர் கண்ணில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அந்தக் கண்ணில் ஆயிரம் லூமன் பட்டால் எல்லாம் போச்சு. விளக்கை அணைத்ததும் முன்னைவிட இருட்டாகத் தெரியும். தாராவியில் பல வீடுகளில் மாடி அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணிதான் வழி. கால் தவறுவது அந்தக் குருட்டு நேரத்தில்தான். செம்பூர், மாதுங்கா அடுக்குமாடிகளில் ஏணி இல்லை. ஆனால் பாத்ரூமுக்கு எழும் தாத்தா பாட்டி உண்டு. வயதான கண் மறுபடி இருட்டுக்குப் பழக இன்னும் அதிக நேரம் எடுக்கும்.

பழைய குண்டு பல்பு டார்ச்சில் இது நடக்காது. மின்னோட்டத்தைக் குறைத்தால் இழை சிவந்து கிடக்கும், பாட்டரிதான் வீணாகும். எல்.இ.டி. ஒரு மில்லி ஆம்பியரிலும் ஒழுங்காக ஒளிரும். 3000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு பாட்டரி அந்தக் கணக்கில் 3000 மணி நேரம், அதாவது நான்கு மாதம், இரவும் பகலும் எரியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டி, சில பகுதிகள் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் அருமை புரியும்.

வாங்குபவர்கள் கடையிலேயே இரண்டைப் பார்க்கலாம். குறைந்த நிலையில் வைத்து விளக்கின் முன் விரல்களை வேகமாக ஆட்டுங்கள். விரல்கள் துண்டு துண்டாகத் தெரிந்தால், அது ஒளியை உண்மையில் குறைக்கவில்லை, விட்டுவிட்டு எரிகிறது. சிலருக்குத் தலைவலி தரும். அடுத்து, அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் எந்த நிலையில் ஏற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். நேரே மின்மினிக்கு வர வழியில்லாத டார்ச், ராத்திரி முதலில் பளிச்சென்று அடித்துவிட்டுத்தான் குறையும். பிறகு குறைந்து என்ன பயன்?

இத்தகைய விளக்குகள் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் விலை. முடியாதவர்கள் சாதாரண இரண்டு செல் எல்.இ.டி. டார்ச்சின் கண்ணாடியில் பழுப்பு நிற பாக்கிங் டேப்பை நாலைந்து அடுக்கு ஒட்டிப் பார்க்கலாம். போதாவிட்டால் இன்னும் இரண்டு. பாட்டரி என்னவோ எப்போதும் போலத்தான் செலவாகும், கண் மட்டும் தப்பிக்கும். சூடாகும் பெரிய டார்ச்சில் ஒட்டாதீர்கள், டேப் உருகும்.