டிக்கெட் விற்றவருக்குக் கூலி கொடுப்பது யார்?



"உங்களிடம் எனக்கு ஒரு காசு வேண்டாம் அண்ணே! நம்ம ஊர்க்காரர் என்பதற்காகச் செய்கிறேன்!" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் டிராவல்ஸ்காரர் ஊருக்கு ஒருவர் உண்டு. காசு வேண்டாம் என்கிறார். ஆனால் கடைக்கு வாடகை கட்டுகிறார். கரண்டு பில் கட்டுகிறார். இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். ஆண்டுக்கொருமுறை கடைக்கு வெள்ளையும் அடிக்கிறார். எங்கிருந்து வருகிறது இந்தப் பணம்? வானத்திலிருந்தா? ஒரு காலத்தில் வானத்திலிருந்துதான் வந்தது. விமானக் கம்பெனி கொடுத்தது! இன்றோ அதில் பெரும்பகுதி நம் மடியிலிருந்து போகிறது. போகிற வழி தெரியாததால்தான் போவதும் நமக்குத் தெரிவதில்லை.

இந்தத் தொழில் பிறந்த கதை பாட்டாளிக்குப் பகையான கதையல்ல. 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், இங்கிலாந்து நாட்டில் தாமஸ் குக் என்ற மரவேலைக்காரர், மதுவிலக்குக் கூட்டத்திற்காக ஏறத்தாழ 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். தனித்தனியே போனால் எட்டாத பயணம், கூட்டமாகச் சேர்ந்தபோது எட்டியது. ரயில் கம்பெனிக்குக் காலிப் பெட்டி நிறைந்தது. மக்களுக்கு மலிவான பயணம் கிடைத்தது. சேர்த்துவிட்டவருக்கும் பின்னாளில் அதுவே பிழைப்பாயிற்று. உழைத்தார், கூலி பெற்றார். அதிலே குற்றம் காண ஏதுமில்லை. அவர் தொடங்கிய அந்த பிரிட்டிஷ் நிறுவனம் 178 ஆண்டுகள் வாழ்ந்து, 2019 செப்டம்பரில் கடன் சுமையால் கவிழ்ந்தது. (அதே பெயரில் நம் நாட்டில் இயங்குவது வேறு கம்பெனி.)

விமானம் வந்தபிறகு இதே முறை பெரிதாக வளர்ந்தது. கம்பெனி ஊருக்கு ஊர் கடை திறக்க முடியாது. எனவே ஏஜெண்டு வைத்தது. விற்ற டிக்கெட்டுக்குக் கமிஷன் கொடுத்தது. நம் நாட்டில் அது ஒரு காலத்தில் நூற்றுக்கு 9 ரூபாய். அடிப்படைக் கட்டணம் 10,000 ரூபாய் என்றால் 900 ரூபாய் ஏஜெண்டுக்கு. பயணிக்குத் தனிச் செலவு இல்லை. "காசு வேண்டாம்" என்று அன்று ஏஜெண்டு சொன்னதில் பொய் இல்லை.

பிறகு என்ன நடந்தது? அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு டெல்டா விமானக் கம்பெனி கமிஷனுக்கு உச்சவரம்பு கட்டியது. மற்றவையும் அதே வழியில் போயின. 2002இல் அடிப்படைக் கமிஷனையே நிறுத்தின. இங்கும் 9 என்பது 7 ஆயிற்று, 7 என்பது 5 ஆயிற்று. 2008ஆம் ஆண்டில் பெரிய கம்பெனிகள் அந்த ஐந்துக்கும் கதவடைத்தன. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பயணி நேரே வாங்கிக்கொள்வான், நடுவில் ஏன் ஏஜெண்டு என்பது முதலாளியின் கணக்கு! ஏஜெண்டுகள் எதிர்த்தனர், கூடிப் பேசினர், சில கம்பெனிகளின் டிக்கெட்டை விற்க மறுத்தும் பார்த்தனர். பழைய கமிஷன் பழையபடி திரும்பவில்லை.

கமிஷன் போயிற்று, கடை போகவில்லை. எப்படி? ஒரு குழாய் அடைபட்டதும் நாலு குழாய் திறந்தன.

முதல் குழாய், சேவைக் கட்டணம். டிக்கெட் விலைக்கு மேல் இவ்வளவு என்று வைப்பது. சொல்லி வாங்கினால் அது நியாயமான கூலி.

இரண்டாவது, மொத்த விலைச் சீட்டு. கம்பெனியிடம் பத்து இருபது இடங்களைக் குறைந்த விலைக்கு எடுத்து, மேலே தன் இலாபத்தை வைத்துச் சில்லறையாக விற்பது. அரிசி மண்டிக்காரர் செய்வதுதான். ஆனால் அரிசிக்கு அக்கம்பக்கத்தில் விலை தெரியும், இதற்குத் தெரியாது!

மூன்றாவது, இலக்குப் பணம். "இந்த ஆண்டு எங்கள் டிக்கெட்டை இவ்வளவு விற்றால் இவ்வளவு தருவோம்" என்று விமானக் கம்பெனி வைக்கும் பந்தயம். டிக்கெட் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் வலைகளை நடத்தும் அமடேயஸ், சேபர் போன்ற நிறுவனங்களும், தங்கள் வலையில் பதிவாகும் பயணத்திற்கு இவ்வளவு என்று ஏஜெண்டுக்கு ஊக்கத்தொகை தருவதுண்டு. "இந்த விமானத்தில் போங்கள், இதுதான் நல்லது" என்று அவர் சொல்லும்போது, யாருக்கு நல்லது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதில் தவறில்லை.

நான்காவது, கூட விற்பவை: ஓட்டல் அறை, கார், காப்பீடு, விசா வேலை, சுற்றுலாத் திட்டம். இன்று டிக்கெட்டைவிட இவற்றில்தான் இலாபம் கூடுதல்.

ரயிலுக்கும் கணக்கு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யின் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு வரம்பு வகுத்திருக்கிறார்கள்: குளிர்சாதனம் இல்லாத வகுப்புக்கு 20 ரூபாய், குளிர்சாதன வகுப்புக்கு 40 ரூபாய். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்! அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை உண்டு. சட்டம் தூங்கவில்லை, நாம்தான் ரசீது கேட்பதில்லை.

இவையெல்லாம் நூறு, இருநூறு, ஆயிரம் போகிற வழிகள். இலட்சம் போகிற வழி வேறொன்று இருக்கிறது. அதே கடையில், அதே நாற்காலியில் இருந்துகொண்டு, "துபாயில் வேலை இருக்கிறது தம்பி, விசா கையிலே இருக்கிறது" என்று சொல்லும் வழி!

டிக்கெட் விற்பது ஒரு தொழில். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது வேறு தொழில். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவுச் சான்று இல்லாதவர் ஆள் எடுக்கக் கூடாது. பதிவு பெற்றவரும் தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர மேற்கொண்டு வாங்கக் கூடாது என்று 2017இல் விதி வகுத்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் வைப்பதையே தடுக்கிறது. முதலாளி தரவேண்டிய விமானச் செலவு தொழிலாளியிடம் இன்னொரு முறை வசூலிக்கப்படும் கொடுமை இருக்கிறதே, அதற்குப் பெயர் கமிஷனா, கொள்ளையா?

தமிழனுக்கு இது புதிய கதையா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு நம் பாட்டன்மாரை அழைத்துச் சென்ற கங்காணியும் ஒருவகையில் பயண ஏஜெண்டுதான்! வழிச்செலவை முன்பணமாகக் கொடுத்தான். அதைத் தொழிலாளியின் கடனாக எழுதினான். அவன் அழைத்துப்போனவர்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம், ஆளுக்கு இவ்வளவு என்று துரையிடம் தலைக்காசும் வாங்கினான். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த "துண்டு", மனிதனுக்கு விலைச்சீட்டாயிற்று. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டை ஒழிக்க முடிந்தது. இருபக்கமும் கூலி வாங்கியவன் எந்தப் பக்கம் நின்றான்? பெரிய காசு வந்த பக்கம்!

நாம் ஏஜெண்டுக்குப் பகைவர்கள் அல்லர். படிக்கத் தெரியாத தாய்க்குப் படிவம் நிரப்பித் தருபவர் அவர். நள்ளிரவில் விமானம் ரத்தானால் போனை எடுப்பவர் அவர். அந்த உழைப்புக்குக் கூலி வேண்டும். கூலி கேட்பவனின் வலி கூலிக்காரனுக்குத் தெரியாதா? நாம் கேட்பது, அந்தக் கூலி வெளிச்சத்தில் இருக்கட்டும் என்பதுதான்.

ஆகவே தோழர்களே, கடைப்படி ஏறும்போது நான்கை மனத்தில் வையுங்கள். டிக்கெட்டின் விலை எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள். பயணம் ரத்தானால், "திரும்பாத டிக்கெட்" என்றாலும் விமான நிலையக் கட்டணங்களும் வரியும் திரும்ப வேண்டும்; ஏஜெண்டு வழியாக வாங்கியிருந்தாலும் அதற்குப் பொறுப்பு விமானக் கம்பெனியே என்று 2016ஆம் ஆண்டிலேயே விதி வந்தது; அதை மறவாதீர்கள். வெளிநாட்டு வேலை என்றால் பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் பட்டியலில் பார்த்த பிறகே பையில் கைவிடுங்கள். 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது; தரகர் வீட்டுக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை போய் வாருங்கள்.

கிளை மன்றத்திலும், தேநீர்க் கடையிலும், ஆலை வாயிலிலும் இதைப் பேசுங்கள். தாலியை அடகு வைத்துப் பயணம் போகும் தம்பி ஒருவன் இன்றும் எங்கோ பணத்தை எண்ணிக்கொண்டிருப்பான். எண்ணிக் கொடுக்குமுன் அவன் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதில் உங்கள் கூலி எவ்வளவு?"

நேர்மையானவர் பதில் சொல்வார். சொல்லத் தயங்குபவரின் கடைப்படியை விட்டு இறங்கிவிடுங்கள்!