பதினாலு மாடி பார்க்கப் போனவர்கள்

சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்ட் 23 அன்று திறக்கப்பட்டது. உயரம் 177 அடி. அந்த நாளில் இந்தியாவிலேயே அதைவிட உயர்ந்த மாடிக் கட்டடம் கிடையாது. 1961-ல் மும்பையின் உஷா கிரண் அதை முந்தியது என்றாலும், சென்னைக்குள் 35 ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு மிஞ்சி எதுவும் எழவில்லை. தளங்களைக் கணக்கிடும் முறையில் வேறுபாடு உண்டு. மக்கள் வாயில் அது என்றைக்கும் 'பதினாலு மாடி'தான்.

பட்டணம் பார்க்க வந்தவர்கள் தவறாமல் பார்த்த இடங்களில் அதுவும் ஒன்று. கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊரிலிருந்து கிளம்பினால் பஸ்ஸில் விருத்தாசலம், அங்கிருந்து ரயிலில் எழும்பூர். எழும்பூரிலிருந்து மவுண்ட் ரோடு என்ற அண்ணா சாலை பக்கம்தான். கிராமத்து நாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்று சொல்ல, தமிழ்ப் படங்களுக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனும் எல்.ஐ.சி.யும் போதுமானவையாக இருந்தன.

உயரம் அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலின் ராஜகோபுரம் ஏழு நிலை கொண்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 1010-லேயே சுமார் 216 அடியைத் தொட்டது, எல்.ஐ.சி.யைவிட அது உயரம். வியக்க வைத்தது வேறொன்று: இந்தக் கட்டடம் மேலே போகப் போகக் குறுகவில்லை. அடியில் எவ்வளவு அகலமோ, உச்சியிலும் ஏறக்குறைய அவ்வளவே.

கோபுரத்தின் அடித்தளம் கருங்கல். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மேல்நிலைகளின் பாரத்தைக் கீழே உள்ள சுவர்களே தாங்கியாக வேண்டும். அதனால்தான் அடியில் சுவர் அத்தனை தடிமன், ஒவ்வொரு நிலையிலும் அத்தனை சரிவு. எல்.ஐ.சி.யில் பாரம் சுவரில் இறங்குவதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் அதை வாங்கிக்கொள்கின்றன. சுவருக்கு வெறும் மறைப்பு வேலைதான். அங்கே கண்ணாடியைக்கூடப் பொருத்தலாம். சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் ஊறிய சென்னைக் கட்டடக் கலை கான்கிரீட் தூணுக்கு மாறியதற்கு இந்தக் கட்டடமே பெரிய அடையாளம்.

அதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். தம்முடைய யுனைட்டெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-ல் வேலையை ஆரம்பித்தார். வடிவமைத்தவர்கள் பிரவுன், மௌலின் என்னும் லண்டன் கட்டடக் கலைஞர்கள். மறு ஆண்டு மார்ச்சில் சிங்கப்பூர் விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். தாம் கனவு கண்ட கட்டடத்தை அவர் முழுதாகக் காணவே இல்லை என்பது இதன் வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி. 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. பாதியில் நின்ற கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. சென்னைக் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே அதை முடித்துக் கொடுத்தார். செலவு சுமார் 87 லட்சம் ரூபாய். திறந்து வைத்தவர் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

1975 ஜூலை 11 அன்று பெருந்தீ பற்றி உள்பகுதி பெரிதும் சேதமானது. கட்டடம் செப்பனிடப்பட்டு மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இன்று உயர்ந்த கட்டடம் பார்க்கப் போவது வேறு விதம். கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்களில் டிக்கெட் வாங்கினால் 41, 42-ஆம் தளங்களை ஒட்டிய வான்பாலத்துக்கும் 86-ஆம் தளத்துக்கும் போகலாம். துபாய் புர்ஜ் கலீஃபாவில் 124-ஆம் தளத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். அங்கே காட்சி மேலிருந்து கீழே. எல்.ஐ.சி. அலுவலகக் கட்டடம், அதை வந்து பார்ப்பது என்றால் சாலையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான். கோபுர தரிசனத்துக்குப் பழகிய கண்களுக்கு அது குறையாகப் படவில்லை. கோபுரத்தையும் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. தூரத்தில் தெரிந்ததுமே கை கூப்புகிறார்கள்.

இப்போது மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தில் எல்.ஐ.சி. என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து படியேறி அண்ணா சாலைக்கு வருகிறவர்கள், கட்டடம் முழுதாகத் தெரிய வேண்டுமானால், எதிர்ப்புற நடைபாதைக்குப் போய் நிற்பது நல்லது.