எழுத்துக் கணக்கைப் பங்கிட்டுச் செய்யும் கணிப்பொறிகள்

(க + ச)² என்பதை விரித்தெழுதச் சொன்னால், உயர்நிலைப் பள்ளி மாணவன் க² + 2கச + ச² என்று எழுதிவிடுவான். க எவ்வளவு, ச எவ்வளவு என்று அவன் கேட்பதில்லை. ஆனால் சாதாரணக் கணக்கிடும் கருவிக்கு எண்களைக் கொடுத்தால்தான் வேலை ஓடும். எண்களுக்குப் பதிலாக எழுத்துகளையே பெருக்கவும், காரணிப்படுத்தவும், வகையிடவும் கணிப்பொறியைப் பழக்க முடியுமா? முடியும். இதையே குறியீட்டுக் கணிப்பு என்கிறோம்.

இதன் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பிரெஞ்சு வானியலறிஞர் தெலோனே, சந்திரனின் இயக்கத்தை எழுத்துக் கோவைகளாகவே கணித்து, 1860-லும் 1867-லும் இரு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இருபது ஆண்டு உழைப்பு அது. 1970-ல் அமெரிக்காவில் தெப்ரி, ஆன்ரார், ரோம் ஆகிய மூவர் அக்கணக்கைக் கணிப்பொறியில் மீண்டும் செய்தனர். சுமார் 20 மணி நேரத்தில் வேலை முடிந்தது. தெலோனேயின் கணக்கில் மூன்றே பிழைகள்தாம் கிடைத்தன. அவற்றுள் இரண்டு, முதற் பிழையின் விளைவுகள்!

எண் கணக்கில் இல்லாத ஒரு தொல்லை எழுத்துக் கணக்கில் உண்டு. கோவைகள் வீங்கிக்கொண்டே போகும். (க + ச + ட + 1)²⁰ என்பதை விரித்தால் 1,771 உறுப்புகள் கிடைக்கும். அத்தகைய இரு கோவைகளைப் பெருக்க 31,36,441 பெருக்கல்கள் வேண்டும். இந்த வேலையைப் பத்துக் கணிப்பான்களுக்குப் பங்கிட்டால் என்ன? பெருக்கல் விரைவில் முடியும். ஆனால் ஒத்த உறுப்புகளைக் கூட்ட வேண்டுமே! க³ச² என்னும் உறுப்பு பத்துப் பேரிடமும் சிதறிக் கிடக்கும். 31 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் பெருக்கற் பலன்கள் இறுதியில் 12,341 உறுப்புகளாகச் சுருங்க வேண்டும். அதற்காக ஒருவர் மற்றவருக்குக் காத்திருக்க நேரும். வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாவிட்டால், எத்தனை கணிப்பான்களைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. 1967-ல் ஆம்டால் சுட்டிக்காட்டிய உண்மை இது.

ஆகவே, காத்திருக்கத் தேவையில்லாத பங்கீட்டு முறை ஒன்று வேண்டும். அதற்கு மிகப் பழைய கணிதமே கைகொடுக்கிறது.

17 × 19 என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று நண்பர்கள் முறையே 7, 8, 9 ஆகியவற்றால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடட்டும். முதல்வருக்கு 17 என்பது 3. 19 என்பது 5. பெருக்கினால் 15, அதன் மீதி 1. இரண்டாமவருக்கு 1 × 3 = 3. மூன்றாமவருக்கு 8 × 1 = 8. ஒருவர் மற்றவரிடம் எதுவும் கேட்கவில்லை. இனி, 7-ஆல் வகுக்க 1, 8-ஆல் வகுக்க 3, 9-ஆல் வகுக்க 8 மீதி தரும் எண் எது? 7 × 8 × 9 = 504-க்குக் கீழே அத்தகைய எண் ஒன்றே ஒன்றுதான். அது 323. விடையும் அதுவே!

மீதிகளிலிருந்து எண்ணை மீட்கும் இம்முறை சீனாவில் பழங்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. நம் நாட்டில் ஆரியபட்டர் 499-ல் இயற்றிய நூலிலும் இதற்குரிய வழி உண்டு. பின்னாளில் அதைக் குட்டகம் என்றனர். வகுக்கும் எண்களுக்குப் பொதுக் காரணி இருக்கக் கூடாது; அவற்றின் பெருக்கற்பலன் விடையைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். இவ்விரண்டே நிபந்தனைகள்.

இதன் பயனை 2007-ல் உலகம் கண்டது. ஈ-எட்டு என்பது 248 பரிமாணங்கள் கொண்ட சமச்சீர்மை அமைப்பு. அதை ஆராய்ந்த கணித அறிஞர் குழுவுக்கு 4,53,060 வரிசைகளும் அத்தனையே நிரல்களும் கொண்ட ஓர் அட்டவணை தேவைப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பல்லுறுப்புக் கோவை! வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கிடைத்த கணிப்பொறியின் நினைவகம் 64 கிகாபைட். கணக்குக்கு அது போதவில்லை. பல்லாண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும் நிலை. அப்போது ஹார்வர்டு கணித அறிஞர் நோம் எல்கீஸ் மீதி முறையை நினைவூட்டினார். 251, 253, 255, 256 ஆகிய எண்களால் வகுத்த மீதிகளை வைத்து நான்கு முறை கணித்தனர். ஒவ்வொரு மீதியும் ஒரே பைட்டில் அடங்கும் என்பதால் நினைவகம் போதுமானதாயிற்று. ஒரே கணிப்பொறி இருந்ததால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தனர். நான்கு இருந்திருந்தால் ஒரே சமயத்தில் செய்திருக்கலாம். 2007 ஜனவரி 8 அன்று விடைகளை இணைத்து முடித்தனர். மொத்தம் 77 மணி நேரக் கணிப்பு. விடையிலுள்ள மிகப் பெரிய கெழு 1,18,08,808. நான்கு எண்களின் பெருக்கற்பலனோ 414 கோடிக்கு மேல். எனவே ஐயத்துக்கு இடமில்லை.

எந்திரங்களைப் பெருக்குவது மட்டும் வேகத்தைத் தந்துவிடாது. வேலையைப் பிரிக்கும் வழியைக் கண்டறிவதே முதன்மை. நீங்களும் இரு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 7, 8, 9 ஆகியவற்றால் 13 × 29 என்பதைக் கணித்துப் பாருங்கள். மூவரின் மீதிகளும் ஒரே எண்ணில் கூடும்போது தோன்றும் மகிழ்ச்சி, ஈ-எட்டைக் கணித்தவர்கள் கண்ட மகிழ்ச்சிக்கு உறவுடையதே!