சோழவரத்தில் ஜெயித்த கார் கல்வராயன்மலையில் ஜெயிக்குமா? பழைய கார்களின் வேகக் கணக்கு

கள்ளக்குறிச்சி:

நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் ரேசில் 991 பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அதில் இருந்து கள்ளக்குறிச்சி பக்கம் டீக்கடை பெஞ்சில் கூட ரேஸ் பேச்சுதான். 'அம்பாசிடர் இன்ஜினை அடிச்சிக்க முடியுமா', 'மாருதி 800 முன்னாடி அதெல்லாம் நிக்காது', 'பத்மினி அந்தக் காலத்து ரேஸ் வண்டிப்பா' என்று ஆளுக்கு ஒரு கட்சி. பேச்சோடு நின்றால் பரவாயில்லை. பழைய காரை வாங்கி, சைலன்சரை மாற்றி, உளுந்தூர்பேட்டை-சேலம் நெடுஞ்சாலையிலும் கல்வராயன்மலைப் பாதையிலும் அழுத்திப் பார்க்கும் ஆசை சில பசங்களுக்கு வந்து விடுகிறது.

உண்மையில் பழைய கார்களில் எது வேகம்? ரேஸ் டிராக்கில் ஒரு காரை இன்னொரு காரோடு எப்படி ஒப்பிடுகிறார்கள்? அந்தக் கணக்கு நம்ம ஊர் மலைப்பாதைக்கு செல்லுமா? இது பற்றிய விவரம் வருமாறு:-

விமான ஓடுதளத்தில் ரேஸ்

தமிழ்நாட்டில் கார் ரேஸ் என்றாலே ஒரு காலத்தில் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, 2-ம் உலகப் போர் நேரத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து சும்மா கிடந்த அந்த இடத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. ஜனங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா 1980-களின் தொடக்கத்தில் 'என்சைன்' என்ற பழைய பார்முலா-1 காரையே அங்கு கொண்டு வந்து ஓட்டினார்.

ஆனால் அதே சோழவரத்தில் ஓடிய மற்ற கார்கள் நாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கார்கள்தான். பியட், அதன் பிறகு பிரிமியர் பத்மினி என்று பேர் மாறியது. சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெங்களூரில் தயாரான சிபானி டால்பின். பின்னால் வந்த மாருதி 800. சீட்டைக் கழற்றி, இன்ஜினை முறுக்கேற்றி, நம்பர் ஒட்டி இறக்கி விடுவார்கள்.

இதில் டால்பின் கதை கேட்கவே ருசியானது. 1982-ல் வந்த கார். இங்கிலாந்தின் 'ரிலையன்ட்' கம்பெனி காரைப் பார்த்து செய்தது. இன்ஜின் வெறும் 848 சி.சி. உடம்பு முழுக்க பைபர். 'பிளாஸ்டிக் டப்பா' என்று கிண்டல் செய்தார்கள். கடையில் பெரிதாக விற்கவும் இல்லை. ஆனால் ராலியிலும் ரேசிலும் தன்னைவிட பெரிய இன்ஜின் கார்களுக்குத் தண்ணி காட்டியது.

எப்படி? அதில்தான் விஷயமே இருக்கிறது.

டன்னுக்கு எத்தனை குதிரை?

காரின் வேகத்தை சி.சி.யை வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த இன்ஜின் எத்தனை கிலோவை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு மாடு பூட்டிய வண்டியில் 10 மூட்டை ஏற்றினால் ஒரு வேகம், 20 மூட்டை ஏற்றினால் ஒரு வேகம். அதே கதைதான்.

பெட்ரோல் அம்பாசிடர் 1,489 சி.சி. சுமார் 50 குதிரைத்திறன். எடை சுமார் 1,100 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு டன் எடைக்கு 45 குதிரை.

பத்மினி 1,089 சி.சி. சுமார் 40 குதிரை, எடை 900 கிலோ பக்கம். டன்னுக்கு 44.

மாருதி 800 காரில் 796 சி.சி.தான். 39 குதிரை. ஆனால் எடை 650 கிலோதான். டன்னுக்கு 60 குதிரை வந்து விடுகிறது!

அம்பாசிடரில் பாதி அளவு இன்ஜின் உள்ள கார், அம்பாசிடரை விட சடாரென்று கிளம்புவது இதனால்தான். டால்பினும் பைபர் உடம்பால் லேசான கார். அதனால்தான் அந்த ஆட்டம் ஆடியது.

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் இந்த சூட்சுமத்தை நன்றாகப் பிடித்துக் கொண்டவர். மாருதி 800 இன்ஜினையே எடுத்து, ஒரு ஆள் மட்டும் உட்காரும், தரையோடு தரையாக ஓடும் ரேஸ் காரை உருவாக்கினார். அதுதான் 'பார்முலா மாருதி'. டாக்டர் வீட்டு காரிலும் டிராவல்ஸ் காரிலும் இருந்த அதே இன்ஜின்தான். கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேசை ஓட்டியது இந்த பார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஜோர்டான் அணி காரில் பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்து விட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கி.மீ. ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

நேர்கோடும் வளைவும்

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. சோழவரத்து ஆட்டம் முடிந்தது. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பேர். ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. 12 வளைவுகள்.

சோழவரத்தில் ஓடுதளம் நீட்டமாகக் கிடக்கும். அங்கு இன்ஜின் பலம் உள்ளவன் ராஜா. இருங்காட்டுக்கோட்டையில் வளைவுக்கு மேல் வளைவு. அங்கு டயரும் பிரேக்கும் பேசும். அதனால் சோழவரத்தில் எடுத்த நேரத்தை வைத்து, இருங்காட்டுக்கோட்டையில் ஓடிய காரை மட்டம் தட்டுவது கபடியில் எடுத்த பாயிண்டை கிரிக்கெட்டில் சேர்ப்பது மாதிரி.

வளைவில் என்ன நடக்கிறது? 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு என்று வைத்துக் கொள்வோம். சாதாரண டயரோடு ஒரு கார் அதில் 66 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் வழுக்கும். அதே காருக்கு கொஞ்சம் நல்ல பிடிப்புள்ள டயர் போட்டால் 71 கி.மீ. வரை தாங்கும். இன்ஜினில் கை வைக்காமலே 5 கி.மீ. கூடி விட்டது. 12 வளைவிலும் இப்படி கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தால் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடி சுலபமாகக் கிடைக்கும். ஒரு வினாடிதானே என்று நினைக்க வேண்டாம். சராசரி 100 கி.மீ. வேகத்தில் ஓடும் கார்களுக்கு, 10 சுற்றில் அது 10 வினாடி. அதாவது 278 மீட்டர் இடைவெளி. முன்னால் போகிறவன் கண்ணுக்கே தெரிய மாட்டான்.

அதனால் 1960-களில் பழைய கிராஸ்-பிளை டயரில் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரின் நேரத்தையும், இன்று ரேடியல் டயர் போட்டு ஓட்டிய அதே காரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கார் அதேதான், ஓடுவது டயர். ஒரே டிராக், ஒரே நாள், ஒரே ரக டயர், முடிந்தால் ஒரே டிரைவர். இந்த நான்கும் இருந்தால்தான் ஒப்பீடு.

துபாயில் '991' என்று தனிப்பிரிவு வைத்திருப்பதும் இதனால்தான். 991 என்பது போர்ஷே 911 காரின் முந்தைய தலைமுறை. அதன் ரேஸ் மாடல் 4 லிட்டர் இன்ஜின், 485 குதிரை. அடுத்து வந்த 992 ரேஸ் மாடல் 510 குதிரை. வித்தியாசம் 25 குதிரைதான். ஆனால் புதிய காருக்கு உடம்பு அகலம், காற்றைக் கிழித்துப் போகும் வடிவமும் வேறு. 5.39 கி.மீ. டிராக்கில் 24 மணி நேரம் சுற்றினால் அந்த வித்தியாசம் எங்கேயோ போய் நிற்கும். ஆகவே பழசுக்கு பழசோடுதான் போட்டி.

பார்வைக்கு மயங்கி விடவும் கூடாது. 1998-ல் கோவாவில் இருந்து 'சான் ஸ்டார்ம்' என்று ஒரு கார் வந்தது. இரண்டே சீட், மேற்கூரையைக் கழற்றலாம், சினிமா ஹீரோ கார் மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது 1,149 சி.சி., 60 குதிரை இன்ஜின்தான்.

மலையில் கணக்கு மாறுது

இனி கல்வராயன்மலைக்கு வருவோம். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நம்ம பக்கத்து ஆட்களுக்கு சொல்லித் தர வேண்டியது இல்லை. மலை 2 ஆயிரம் அடி முதல் 3 ஆயிரம் அடி வரை உயரம். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க லீவு நாளில் பழைய கார்களும் ஏறுகின்றன.

டிராக்கில் காரில் ஒரு ஆள். மலைக்குப் போகும்போது நான்கு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 260 கிலோ. மாருதி 800 இப்போது 910 கிலோ. டன்னுக்கு 60 குதிரை இருந்தது 43-க்கு இறங்கி விட்டது. அதாவது ஆள் இல்லாத அம்பாசிடரை விட மோசம். லேசான கார்தான் ஆள் ஏற ஏற அதிகம் அடி வாங்கும். அம்பாசிடர் 45-ல் இருந்து 37-க்குத்தான் இறங்கும். அந்தக் காலத்து டிரைவர்கள் 'அம்பாசிடர் லோடு தாங்கும்' என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மேலே போகப் போக காற்று லேசாகும். கார்புரேட்டர் வைத்த இன்ஜின் 3 ஆயிரம் அடியில் ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு பலத்தை இழந்து விடும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். ஏறும்போது இதனால் பெரிய ஆபத்து இல்லை. வண்டி முக்கும், அவ்வளவுதான்.

இறங்கும்போதுதான் எமன் உட்கார்ந்திருக்கிறான்.

நான்கு பேரோடு ஒரு அம்பாசிடர் 1,360 கிலோ. அது 600 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்குகிறது. அந்தச் சுமை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்கினால், 100 கி.மீ. வேகத்தில் போகிற அதே காரை 15 தடவை பிரேக் போட்டு அடியோடு நிறுத்தியதற்குச் சமமான சூடு உண்டாகும். டயர் உராய்வு அதில் ஒரு பங்கைக் குறைக்கும் என்றாலும் மீதி மொத்தமும் பிரேக் தலையில்தான். ரேஸ் டிராக்கில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் வேகமாகப் போகும்போது காற்று பட்டு பிரேக் ஆறும். மலையில் 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து இறங்கும்போது அந்தக் காற்றும் கிடையாது.

பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சூடு ஏற ஏற டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மிதியை அமுக்க அமுக்க கார் நிற்காது. அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. 'டாட்-3' ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்து விடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. மிதி தொபக்கென்று தரைக்குப் போகும். ரேஸ்காரர்கள் இந்த ஆயிலை அடிக்கடி மாற்றுவார்கள். ஷெட்டில் பல வருடம் நின்ற காரை வாங்கி பெயிண்ட் அடிப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. இரண்டாவது கியரில் இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும், பிரேக் ஆறும். நியூட்ரலில் அந்தப் பிடி மொத்தமாகப் போய் விடுகிறது.

'ரேஸ் இன்ஜின்' விற்பனை

'ரேசுக்கு ஓடின வண்டி', 'இன்ஜின் டியூன் பண்ணது' என்று சொல்லி பழைய காருக்கு விலை ஏற்றுவது நடக்கிறது. ரேசுக்கு டியூன் செய்த இன்ஜின் அதிக சுற்றில்தான் இழுக்கும். மலையில் குறைந்த வேகத்தில் ஏற அது லாயக்கில்லை, சூடாகி நின்று விடும். காசு கொடுத்து பலத்தைக் குறைத்து வாங்கியது போலத்தான்.

சட்டப்படியும் சிக்கல். கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம். பொது ரோட்டில் ரேஸ் விட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி, முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி சிக்கினால் ஒரு வருடம், 10 ஆயிரம் ரூபாய். சொந்த கார் 15 வருடம் தாண்டினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சோதனை முடித்து, ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய காரை 2021 விதிப்படி 'விண்டேஜ்' என்று பதியலாம். ஆனால் அதை தினசரி ஓட்ட முடியாது.

முறையான ரேசுக்குப் போகிறவர்களுக்கு மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ் வேண்டும். போட்டிக்கு முன் பிரேக், பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சோதிக்கப்படும். ஓட்டை உடைசல் இருந்தால் காரை டிராக்கில் விட மாட்டார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பு டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார்க்கலாம். ஓவல் கட்டத்துக்குள் 4 எண் இருக்கும். '2314' என்றால் 2014-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் இறுகி கட்டையாகி இருக்கும். ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே கிழடு.