இறங்காத சோறும் இரும்புச்சத்தும்

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி "சோறு தொண்டையில் இறங்கவில்லை" என்று கூறினால், "யோசனை கூடிவிட்டது" என்றோ "வாயு" என்றோ பதில் சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கம். வெலிமடையின் தோட்டத்து லயங்களுக்கு மாத்திரமன்றி, நகரத்து முஸ்லிம் வீடுகளுக்கும் இது பொருந்தும். இப்பதிலை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற வைத்தியர்கள் சிலரும் ஏறக்குறைய இதனையே கூறினர்.

அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய ஹென்றி பிளம்மரிடம் இத்தகைய நோயாளிகள் வந்தனர். பெரும்பாலானோர் நடுத்தர வயதுப் பெண்கள். திண்ணிய உணவு தொண்டையில் சிக்கிவிடும் என்ற அச்சத்தினால் கஞ்சி போன்றவற்றையே உட்கொண்டு மெலிந்திருந்தனர். பிளம்மருடன் பணியாற்றிய போர்ட்டர் வின்சன் 1922இல் இதுபற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே "ஹிஸ்டீரியா விழுங்கற் கஷ்டம்" என்பதாகும். பெண்ணின் முறைப்பாடு என்றால் நரம்புத் தளர்ச்சி என்று முடிவுகட்டும் போக்கு அன்றைய மருத்துவ உலகிலும் இருந்தது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 1919இல், பிரித்தானியாவின் தொண்டை வைத்தியர்கள் இருவர் தனித்தனியே இதே நோயை விபரித்திருந்தனர். கார்டிப் நகரின் பற்றர்சன் ஒருவர், கிளாஸ்கோவின் பிரவுண் கெல்லி மற்றவர். இதனாலேயே அமெரிக்க நூல்களில் ஒரு பெயராலும் பிரித்தானிய நூல்களில் வேறொரு பெயராலும் இந்நோய் அழைக்கப்படலாயிற்று. வெளிறிய முகம், வழவழப்பாகிப் புண்பட்ட நாக்கு, வெடித்த வாயோரம் ஆகியன இந்நோயாளிகளிடம் கூடவே காணப்படுவன. இவை குருதிச்சோகையின் அடையாளங்கள்.

முடிச்சு அவிழ்ந்தது சுவீடனில். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் கண்ட பெண்கள் பலரிடம் இந்நிலை ஏற்கனவே இருந்ததை, ஸ்டொக்ஹோம் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஆல்பொம் 1936இல் எடுத்துரைத்தார். இரும்புச்சத்துக் குறைபாட்டுடன் இதனைத் தொடர்புபடுத்திய வால்டன்ஸ்ட்ரோம், 1939இல் ஷெல்பேர்க் என்பவருடன் சேர்ந்து, நம் பாடநூல்கள் களம் என்று கூறும் உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வொன்று குறுக்கே வளர்ந்திருப்பதை எக்ஸ்-கதிர்ப் படத்தில் காட்டினார். ஆக, தடை மனதில் அல்ல, குழாயிலேயே இருந்தது. 1940களில் சுவீடனில் கோதுமை மாவுக்கு இரும்புச்சத்துச் சேர்க்கத் தொடங்கினர். உணவும் வாழ்க்கைத் தரமும் உயர, இந்நோய் அங்கு அரிதாகிவிட்டது.

ஊவாத் தோட்டங்களில் குருதிச்சோகைக்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்தடுத்த பிரசவங்கள், மாதவிடாய், கொக்கிப்புழு, ரொட்டியும் சம்பலுமே பிரதானமான உணவு. இவற்றுடன் தேநீரையும் சேர்க்க வேண்டும். நமக்குச் சம்பளம் தரும் தேயிலையே, சாப்பாட்டுடன் அருந்தும்போது அதிலுள்ள தனின் காரணமாக இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது! சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் அருந்துவது நல்லது. தேசிக்காய், நெல்லி, கொய்யா போன்றவை இதற்கு நேர்மாறானவை; சாப்பாட்டுடன் சேர்ந்தால் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுவன.

உணவுக்குழாய்க்கு வேறு பகைகளும் உள்ளன. புகையிலை சேர்க்காத வெற்றிலையும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிவித்தது. உணவுக்குழாய்ப் புற்றுநோயும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. 65 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் பானங்களும் அதற்குக் காரணமாகலாம் என 2016இல் அதே முகவரகம் கூறியது. பீங்கானில் ஊற்றியதும் குடிக்காமல் சற்று ஆறவிட்டாலே போதுமானது.

விழுங்கச் சிரமப்படும் எல்லோருக்கும் சவ்வுதான் காரணமென்று நாம் கூறவில்லை. புற்றுநோயே நேரடியாக அவ்வாறு தொடங்கலாம். முதலில் சோறும் ரொட்டியும் சிக்கி, பின்னர் கஞ்சியும் இறங்காது, உடலும் மெலியுமாயின் ஒரு கிழமையும் தாமதிக்கலாகாது. குருதிப் பரிசோதனை முதற்படி. சவ்வை முன்பக்கமிருந்து எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படம் தவறவிடக்கூடும். பக்கவாட்டுப் படத்தில் அது தெளிவாகத் தெரியும். பலருக்கு இரும்புச்சத்து மாத்திரைகளே போதும், சிலருக்குக் குழாயை விரிவாக்க வேண்டியிருக்கும். அதன் பின்னரும், புற்றுநோய் அபாயம் கருதி, காலத்துக்குக் காலம் உள்நோக்குக் கருவியால் பார்த்துக்கொள்ளுமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துகின்றனர்.